ஒருவரும் தொடாத முட்டு

சாரல் ஓய்ந்த ஓர் ஆடி மாத மாலையில், தக்கலைச் சந்தைக்குப் போகும் வழியில், கையில் பெரிய ஸ்கேன் உறையும் பக்கத்தில் இரண்டு கம்புகளை ஊன்றி நின்ற மகளுமாக எதிர்ப்பட்ட ஒரு தாய், நான் பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்தவன் என்பதை அறிந்தவளாதலால், வழிமறித்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அவள் அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழிலாளி. மகள் பத்தாம் வகுப்பு மாணவி, பள்ளிக் கால்பந்து அணியில் நடுக்களத்தில் ஆடுகிறவள்.

“ஒருத்தரும் இடிக்கல்ல சாரே, ஒருத்தரும் சவுட்டல்ல. பிள்ளை தன்னால சாடி, தன்னால நின்னா. நின்னதும் உள்ள ‘டப்’புன்னு ஒரு சத்தம். ஜவ்வு அறுந்துபோச்சுன்னு டாக்டர் சொல்லுகாரு. ஒருத்தரும் தொடாம அது எப்படி சாரே அறும்?”

அண்டை அயலார் கண்ணேறு என்று சொல்லி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்களாம். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடி விழாமல் காயம் உண்டாகிறது என்றால், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அடித்திருக்க வேண்டும் என்று நினைப்பது மனித சுபாவம். அந்த நினைப்பில் ஓர் உண்மையும் உண்டு. அடித்தது எது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம். முழங்காலை இந்த ஜில்லாவில் முட்டு என்பது வழக்கமாதலால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

கால்பந்து எங்கள் பக்கத்துக்குப் புதிதன்று. தூத்தூர் முதலிய மேற்குக் கடற்கரை ஊர்களில் பந்தைத் தொடாமல் வளர்ந்த பையனைக் காண்பது அரிது. இரவிபுத்தன்துறையில் பிறந்து இந்திய சூப்பர் லீக் வரை உயர்ந்த மைக்கேல் சூசைராஜ், 2020 நவம்பரில் அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முட்டில் காயம்பட்டுப் பருவம் முழுவதையும் இழந்தபோது, இந்தக் கரையோரமே துக்கப்பட்டது. பெண்களும் இப்போது பின்தங்கியவர்களல்லர். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இல் மணிப்பூரையும் 2023இல் ஹரியானாவையும் இறுதியாட்டத்தில் வென்று தேசியக் கோப்பையைக் கொண்டுவந்தது. மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் இந்தியப் பெண்கள் லீகில் வாகை சூடியது. அந்த வெற்றிகளைப் பார்த்துப் பந்தைத் தொட்ட சிறுமிகள் அநேகர். அவர்களுள் ஒருத்திதான் கம்பூன்றி என் எதிரில் நின்றவள்.

அவளுக்கு நேர்ந்தது உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரிகளுக்கும் நேர்கிறது. 2023ஆம் ஆண்டு பெண்கள் உலகக் கோப்பைக்கு முந்தைய ஒரே பருவத்தில், ஆர்சனல் என்னும் லண்டன் கழகத்தின் பெண்கள் அணியில் நால்வருக்கு இதே ஜவ்வு அறுந்தது. இங்கிலாந்தின் தலைவி லியா வில்லியம்சனும், பெத் மீடும், நெதர்லாந்தின் விவியான் மீடமாவும் அவர்களுள் மூவர். உலகக் கோப்பையை அவர்கள் வீட்டிலிருந்தே பார்க்க நேர்ந்தது.

அம்மியும் ஆட்டுரலும்

மனித சரீரத்தில் இடுப்பு மூட்டு ஆட்டுரலைப் போன்றது. குழிக்குள் குழவி ஆழமாக உட்கார்ந்திருப்பதால், எப்படிச் சுழற்றினாலும் அது எளிதில் வெளியே வருவதில்லை. முட்டு அப்படியன்று, அது அம்மி. தொடையெலும்பின் அடிமுனையில் உருண்டு திரண்ட இரண்டு குமிழ்கள், கால் எலும்பின் ஏறக்குறையத் தட்டையான மேற்பரப்பின்மீது அம்மியின்மேல் குழவி கிடப்பதுபோலக் கிடக்கின்றன. அரைக்கிறவள் கையை எடுத்துவிட்டால் குழவி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உருண்டுவிடும் அல்லவா? முட்டிலே குழவியைப் பிடித்துக்கொண்டிருக்கும் கைகள், எலும்பை எலும்போடு கட்டும் நார்கள். ஜனங்கள் ஜவ்வு என்று சொல்வது இவற்றைத்தான்.

பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நார்கள் வெளியே; பெருக்கல் குறிபோல ஒன்றையொன்று குறுக்கிட்டுக்கொண்டு இரண்டு நார்கள் மூட்டின் நடுவே. குறுக்கிடும் இரண்டில் முன்புறத்தில் போய் முடிவதை முன்குறுக்கு நார் என்று சொல்வோம், ஆஸ்பத்திரியில் ஏ.சி.எல். என்பார்கள். தொடையெலும்பின் வெளிக்குமிழின் உட்சுவரில், பின்பக்கத்தில் தொடங்கி, முன்னோக்கிச் சரிந்து வந்து, கால் எலும்பின் மேற்பரப்பில் அது பற்றிக்கொள்கிறது. நீளம் சுமார் 3 சென்டிமீட்டர். கால் எலும்பு தொடையெலும்பை விட்டு முன்னால் வழுக்கிப் போகாமலும் அளவுக்குமேல் முறுகாமலும் தடுப்பது அதன் தொழில். இளைஞர் ஒருவரின் நாரைத் தனியே எடுத்துப் பரிசோதனைச் சாலையில் இழுத்துப் பார்த்தபோது, சுமார் 220 கிலோகிராம் எடையைத் தாங்கிய பின்னரே அது அறுந்தது. மெல்லிய நூலன்று அது. ஒரு சிறிய வடக்கயிறு.

இத்தனை வலிய நார் அறுந்தால், தோலில் பட்ட வெட்டுப்போலத் தானே கூடிக்கொள்வதும் அரிது. மூட்டுக்குள் ஊறும் திரவத்தின் நடுவே அது கிடப்பதால், ஒட்டவைக்க வேண்டிய இரத்தக்கட்டு நிலைத்து நிற்பதில்லை. அறுந்த முனைகள் விலகி நின்றுவிடுகின்றன. ஆகவே, ஓட்டமும் திருப்பமும் மிகுந்த ஆட்டத்துக்குத் திரும்ப விரும்புகிறவர்களுக்கு, அவர்களுடைய சொந்தத் தொடையின் பின்தசை நாணிலிருந்தோ முட்டுச்சிப்பியின் கீழுள்ள நாணிலிருந்தோ ஒரு துண்டை எடுத்து, எலும்பில் துளையிட்டுப் புதிய நாராகப் பொருத்துகிறார்கள். அதன் பிறகு, ஒன்பது மாதங்களுக்குக் குறையாமல் பொறுத்திருந்து களமிறங்குவதே நல்லது. அவசரப்பட்டுத் திரும்பியவர்களுக்கு மீண்டும் காயம் நேர்வது அதிகம் என்பதை நார்வே ஆராய்ச்சி காட்டியிருக்கிறது.

மனத்தை வருத்துவது இன்னொரு கணக்கு. ஸ்வீடனில் கால்பந்து ஆடி இந்த நாரை அறுத்துக்கொண்ட பெண்களைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் தேடிப்பிடித்து விசாரித்தார்கள். அவர்களுடைய சராசரி வயது 31. எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட 67 பேரில் 34 பேருக்கு, அதாவது பாதிப்பேருக்கு, மூட்டுத் தேய்மானம் வந்துவிட்டிருந்தது. அறுபது வயதில் கோயில் படி ஏறும்போது வரவேண்டிய நோவு, கைக்குழந்தையை இடுப்பில் தூக்கும் வயதிலேயே வந்துவிட்டது. பத்தாம் வகுப்பில் அறும் நார் பத்தாம் வகுப்போடு போவதில்லை.

ஒரு தரையிறக்கம்

இனி, அந்தப் பெண்ணுக்கு நேர்ந்த அந்த ஒரு க்ஷணத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். அவள் எடை 45 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உயரே வந்த பந்தைத் தலையால் முட்டத் துள்ளுகிறாள்; பாதங்கள் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் மேலே. அந்த உயரத்திலிருந்து கீழே வர ஏறக்குறைய கால் வினாடி ஆகும்.

கீழே வருவதில் சேர்ந்த வேகத்தைத் தரையில் எங்காவது அழித்தாக வேண்டும். வீடு கட்டும் இடத்தில் செங்கல் கைமாற்றுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். மேலே இருந்து போடும் கல்லை வாங்குகிறவர் கையை விறைத்து நீட்டுவதில்லை. கல்லோடு கையையும் கீழே இறங்கவிட்டு, இறங்கும் வழியிலேயே வேகத்தைக் கரைத்துவிடுகிறார். கால்களும் அப்படியே செய்யவேண்டும். நம் பெண் கால்களை விறைத்தபடி இறங்கி, தரையைத் தொட்டபின் ஐந்து சென்டிமீட்டர் மட்டுமே தாழ்ந்து நின்றுவிட்டால், கால்கள் தாங்கவேண்டிய சராசரிப் பளு அவள் எடையைப்போல் ஏழு மடங்கு, அதாவது 315 கிலோ. இடுப்பும் முட்டும் கணுக்காலும் மடங்கி இருபது சென்டிமீட்டர் தாழ்ந்து நின்றாலோ, அது இரண்டரை மடங்காக, 112 கிலோ சொச்சமாகக் குறைந்துவிடுகிறது. உயரம் அதே, எடை அதே. இறங்கிய விதம் மட்டுமே வேறு.

ஆனால் பளுவின் அளவு பாதிக் கதைதான். அது எந்தத் திசையில் பாய்கிறது என்பது மீதிப் பாதி. பந்தையே பார்த்துக்கொண்டு உடம்பு ஒரு பக்கம் சாய, ஒற்றைக் காலில், முட்டு ஏறத்தாழ நிமிர்ந்திருக்கும்போது அவள் இறங்குகிறாள். நிமிர்ந்த முட்டில் முன்தொடைத் தசை சுருங்கும்போது, அது கால் எலும்பை முன்னோக்கி இழுக்கிறது. அதை எதிர்த்துப் பின்னுக்கு இழுக்கவேண்டிய பின்தொடைத் தசைக்கு, முட்டு மடங்காத நிலையில் பிடிமானம் குறைவு. அதே சமயத்தில் சாய்ந்த உடம்பின் பாரத்தால் முட்டு உட்பக்கமாக விழுகிறது. நடக்கையில் முட்டு தட்டுகிறவர்களின் கால்போல வளைகிறது. கூடவே கால் எலும்பு முறுகவும் செய்கிறது. முன்னிழுப்பு, உட்சரிவு, முறுக்கு ஆகிய மூன்றும் ஒரே நாரில் வந்து விழுகின்றன. வடக்கயிறு அறுவது அப்போதுதான்.

இது எவ்வளவு நேரத்தில் நடக்கிறது? ஹேண்ட்பாலும் கூடைப்பந்தும் ஆடிய பெண்களுக்கு நார் அறுந்த பத்து நிகழ்ச்சிகளை, பல கோணங்களில் பதிவான வீடியோ படங்களிலிருந்து அணு அணுவாக அளந்து, 2010இல் ஓர் ஆராய்ச்சிக் குழு வெளியிட்டது. பாதம் தரையைத் தொட்ட சுமார் 40 மில்லிவினாடிக்குள், அதாவது ஒரு வினாடியின் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குள், முட்டு 12 பாகை உள்ளே சரிந்துவிட்டது. நார் அந்நேரத்திலேயே அறுந்தது என்பது அவர்கள் முடிவு. கண்ணிமைக்கும் நேரத்தை ஒரு மாத்திரை என்று வகுத்த நம் இலக்கண ஆசிரியர்கள், ஒரு மெய்யெழுத்துக்குக் கொடுத்தது அரை மாத்திரை. அந்த அரை மாத்திரையும் முழுதாக ஆகுமுன் காரியம் முடிந்துவிடுகிறது.

கண் ஒன்றைப் பார்த்து, மூளை தீர்மானித்து, தசைக்குக் கட்டளை போய்ச் சேர ஏறக்குறைய 200 மில்லிவினாடி வேண்டும். ஆகையால், “ஐயோ, முட்டு சாய்கிறதே, நிமிர்த்துவோம்” என்று நினைப்பதற்கு அந்தப் பெண்ணுக்கு அவகாசமே இல்லை. பயிற்சியாளர் வெளியிலிருந்து கத்தினாலும் பயனில்லை. முட்டு காப்பாற்றப்பட வேண்டுமானால், காக்கும் தசைகள் அவள் ஆகாயத்தில் இருக்கும்போதே, பாதம் தரையைத் தொடுமுன்பே, அளவாக இறுகி ஆயத்தமாக நிற்கவேண்டும்.

இப்படி முன்கூட்டி ஆயத்தமாவது உடம்புக்கு இயல்பு. இருட்டில் படியிறங்கும்போது இன்னும் ஒரு படி உண்டென்று எண்ணிக் காலை வைத்து, சமதளத்தில் ‘திக்’கென்று முட்டிக்கொண்ட அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். இறங்குவது என்னவோ ஒன்றுமே இல்லை. ஆயினும் பல் கிட்டும்படி அதிர்ச்சி. இல்லாத படிக்காகக் கால் தசைகள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தன, கணக்குத் தப்பிற்று. நாம் நினையாமலே ஒவ்வொரு அடிக்கும் அந்தக் கணக்கு நடந்துகொண்டிருக்கிறது. அதைத் திருத்த முடியுமா என்பதே இனி கேள்வி.

‘குதிக்காதே’

அதற்கு முன் இன்னொரு சந்தேகத்தைத் தீர்க்கவேண்டும். ஒரே ஆட்டத்தை ஆடும் ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கு இந்தக் காயம் இரண்டு மூன்று மடங்கு அதிகமாக நேர்வது ஏன்? அகன்ற இடுப்பு, தொடையெலும்பின் குமிழ்களுக்கிடையே குறுகிய இடைவெளி, மாதந்தோறும் ஏறி இறங்கும் சுரப்புநீர்கள் என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. ஒவ்வொன்றின் பங்கு எவ்வளவு என்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமனப்படவில்லை. அவை மாற்ற முடியாதவை என்பதால் இங்கே அவற்றை நீட்டவில்லை.

மாற்றக்கூடிய காரணம் வேறொன்று இருக்கிறது. யௌவனம் தொடங்கும்போது ஆணும் பெண்ணும் மளமளவென்று வளர்கிறார்கள். எலும்பு நீள்கிறது, எடை கூடுகிறது, உடம்பின் பாரமையம் உயர்கிறது. பையனுக்கு அதனோடு தசை வலுவும் தானாகவே பெருகுகிறது. பெண்ணுக்கு அந்த அளவுக்குப் பெருகுவதில்லை. நேற்றுவரை ஓட்டிய சைக்கிளுக்குப் பதிலாகப் பெரிய வண்டி கைக்கு வந்துவிடுகிறது; பிரேக் மட்டும் பழையதே. அந்தப் பிரேக்கைப் பலப்படுத்தவேண்டிய அதே வருஷங்களில் நாம் என்ன செய்கிறோம்? அதுவரை முற்றத்தில் கோடு கிழித்துப் பாண்டி ஆடி, ஒற்றைக் காலால் தாவித் தாவி, கட்டத்துக்குள் அசையாமல் நின்று பழகிய பிள்ளையை, “வயசுக்கு வந்த பிள்ளை சாடப்பிடாது” என்று உள்ளே அழைத்துவிடுகிறோம். ஒற்றைக்கால் தரையிறக்கத்துக்குப் பாண்டியைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது? பையனோ மதில் ஏறிக் குதித்துக்கொண்டும் ஓடை தாண்டிக்கொண்டும் இருக்கிறான். இரண்டு மூன்று வருஷம் கழித்து அந்தப் பெண் எப்படியோ வீட்டாரைச் சம்மதிக்கவைத்து மைதானத்துக்கு வந்து சேரும்போது, அவள் உடம்பு வளர்ந்திருக்கிறது, கால்களின் பாடமோ பாதியில் நின்றிருக்கிறது. பெண் உடம்பின் குறை என்று எழுதப்படுவதில் ஒரு பங்கு நாம் செய்த குறை என்பது என் திடமான அபிப்பிராயம்.

குதித்திறங்கும் விதத்துக்கும் காயத்துக்கும் தொடர்பு இருப்பதை 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி அழுத்தமாக எடுத்துக்காட்டியது. 205 இளம் ஆட்டக்காரிகளை ஒரு பெட்டியின் மேலிருந்து குதிக்கச் செய்து அளந்து வைத்துக்கொண்டார்கள். பின்னர் அவர்களுள் ஒன்பது பேருக்கு நார் அறுந்தது. அந்த ஒன்பது பேருடைய முட்டு இறங்கும்போது மற்றவர்களைவிட 8 பாகை அதிகமாக உள்ளே சரிந்திருந்தது. இதைக் கேட்டவுடன், எல்லாப் பெண்களையும் குதிக்கவைத்துப் பார்த்து, ஆபத்துள்ளவர்களை மட்டும் பொறுக்கிவிடலாமே என்று தோன்றும். நார்வேயில் எழுநூற்றுக்கு மேற்பட்ட ஆட்டக்காரிகளிடம் பின்னர் அவ்வாறு முயன்றபோது, யாருக்குக் காயம் வரும் என்று அந்தச் சோதனையால் நம்பகமாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே பொறுக்கும் வேலையை விட்டுவிட்டு, எல்லோருக்கும் கற்றுக்கொடுப்பதே வழி.

ஸ்வீடனில் ஒரு பருவம்

கற்றுக்கொடுத்தால் பலன் உண்டா என்பதை வாதத்தால் தீர்க்க முடியாது, செய்து பார்க்கவேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பெண்களிடையே ஆட்டத்துக்கு முன் செய்யும் பயிற்சியை மாற்றிப் பார்த்ததில், முதல் ஆண்டு 88 சதவீதமும் இரண்டாம் ஆண்டு 74 சதவீதமும் காயம் குறைந்ததாக 2005இல் அறிக்கை வந்தது. ஆனால் அங்கே விருப்பமுள்ள அணிகளே பயிற்சியில் சேர்ந்திருந்தன. அக்கறையுள்ளவர்களுக்கு எப்படியும் காயம் குறைவாகத்தானே இருக்கும் என்று ஒருவர் கேட்டால், மறுப்பது கடினம். நார்வேயில் 125 கழகங்களைச் சேர்ந்த 1,892 சிறுமிகளிடம், கழகங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, இன்று ‘ஃபிஃபா 11+’ என்று உலகமெங்கும் வழங்கும் இருபது நிமிஷப் பயிற்சியைச் சோதித்தார்கள். கடுமையான காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன.

ஆயினும் குறுக்கு நாரைப் பற்றி மிகத் தெளிவான பிரமாணம் ஸ்வீடனிலிருந்து வந்தது. 2009ஆம் ஆண்டுப் பருவத்தில் 230 கழகங்களின் 4,564 சிறுமிகள், 12 முதல் 17 வயது வரை உள்ளவர்கள், அதில் பங்குகொண்டார்கள். இங்கும் குலுக்கல்தான். ஒரு பகுதி அணிகளுக்கு வாரம் இரண்டு முறை பதினைந்து நிமிஷம் ஆயத்தப் பயிற்சி. மைதானத்தில் வார்ம்-அப் என்கிறோமே, அந்த நேரத்திலேயே. மற்ற அணிகள் வழக்கம்போல ஓடி, கையைக் காலை நீட்டி ஆட்டத்தைத் தொடங்கின. ஏழு மாத முடிவில், பயிற்சி பெற்ற 2,479 பேரில் 7 பேருக்கு முன்குறுக்கு நார் அறுந்திருந்தது. பெறாத 2,085 பேரில் 14 பேருக்கு அறுந்திருந்தது. ஆடிய மணிநேரங்களையும் கணக்கில் கொண்டு பார்த்தால், காயம் 64 சதவீதம் குறைந்திருந்தது.

ஆயிரம் பேரில் ஏறக்குறைய ஏழு என்பது மூன்றாகக் குறைவதுதானா என்று சிலர் கேட்கலாம். அது ஒரே பருவத்தின் கணக்கு. ஒரு பெண் பத்துப் பருவம் ஆடுவாள். அன்றியும், அந்த ஏழில் ஒருத்தி கம்பூன்றி நிற்பதை எதிரே கண்டவனுக்கு ஏழு என்பது சிறிய எண்ணாகத் தோன்றாது.

அந்தப் பதினைந்து நிமிஷம்

இந்தப் பயிற்சிக்குக் கருவி ஒன்றும் வேண்டாம். ஒரு பந்தும் கொஞ்சம் இடமும் போதும். ஐந்து நிமிஷம் மெல்ல ஓடி உடம்பைச் சூடாக்கியபின், ஸ்வீடனின் முறையில் ஆறு பயிற்சிகள். ஒற்றைக் காலில் நின்று முட்டை மடக்கித் தாழ்ந்து எழுதல். மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துதல். இரண்டு காலில் தாழ்ந்து எழுதல். முழங்கைகளை ஊன்றிக் குப்புற நின்று உடம்பைப் பலகைபோல நிறுத்துதல். ஒரு காலை நீட்டி முன்வைத்துத் தாழ்தல். கடைசியாகத் துள்ளி இறங்குதல். ஒவ்வொன்றுக்கும் எளிதிலிருந்து கடினம் வரை நான்கு படிகள். கீழ்ப்படி சுத்தமாக வந்த பிறகே மேற்படி.

தக்கலைக்கு அடுத்த ஒரு பள்ளியின் செம்மண் மைதானத்தில், உடற்கல்வி ஆசிரியை ஒருவர் இவற்றுள் முதல் பயிற்சியைத் தம் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை ஒரு நாள் நின்று பார்த்தேன். பதினெட்டுப் பெண்கள் வரிசையாக, ஒரு காலைப் பின்னால் தூக்கி, கைகளை இடுப்பில் வைத்து நின்றார்கள். தாழ்ந்து எழுவது பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத காரியம். ஆனால் மூன்றாவது முறை தாழும்போதே, நன்றாக ஓடும் வலிய பெண்ணொருத்தியின் முட்டு, பிறந்தன்று எழுந்து நிற்கும் கன்றின் கால்போல நடுங்கி, மெல்ல மெல்ல உட்பக்கமாக நழுவிற்று. ஆசிரியை அவள் எதிரே குந்தி உட்கார்ந்து, “முட்டு எங்க பாக்குது மக்களே?” என்று கேட்டார். பெண் குனிந்து பார்த்தாள். முட்டு பெருவிரலையும் தாண்டி உள்ளே பார்த்தது. “ரண்டாவது விரலப் பாக்கச் சொல்லு.” அவ்வளவுதான் கட்டளை. இடுப்பின் பக்கத் தசையை இறுக்கு, தொடையை வெளிப்பக்கம் திருப்பு என்று உடற்கூற்றுப் பாடம் ஏதும் இல்லை. பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி தாழ்ந்தாள். முட்டு நடுங்கியது, ஆனால் விரலுக்கு நேரே நின்றது.

முட்டு உள்ளே விழுவதற்கு முட்டில் பெரும்பாலும் குற்றமில்லை; மேலே இடுப்புத் தசை தளர்ந்திருப்பதும் நடுவுடம்பு ஒருபக்கம் சாய்வதுமே காரணம் என்பதை அந்தப் பதினெட்டுப் பெண்களும் சொல்லாமலே புரிந்துகொண்டிருப்பார்கள். மல்லாந்து இடுப்பை உயர்த்தும்போது பின்தொடையும் பிருஷ்டமும் உழைக்கின்றன; பலகைபோல நிற்கும்போது நடுவுடம்பு உழைக்கிறது; துள்ளி இறங்கும்போது இவை எல்லாம் கூடி ஒரே காரியத்தைச் செய்யப் பழகுகின்றன.

எங்கள் கல்குளம், விளவங்கோடு பக்கங்களில் அடிமுறை கற்பிக்கும் ஆசான்களின் களரியில், சீடனுக்கு முதலில் கற்பிப்பது அடிப்பதையும் தடுப்பதையும் அன்று, சுவடு வைப்பதை. தாழ்ந்த முட்டோடு கால் மாற்றிக் கால் மாற்றித் திரும்பும் அந்த அடிவைப்பைப் பலநாள் செய்து, நினைவின்றி வரும் நிலை எய்திய பிறகுதான் மற்றவை. ஸ்வீடனில் அளந்து நிறுவிய பயிற்சியும் களரிச் சுவடும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. களரியை அப்படி யாரும் அளந்து பார்த்ததாகவும் நான் அறியேன். கால் முதலில், யுத்தம் பிறகு என்னும் வரிசை இந்த மண்ணுக்கு அந்நியமன்று என்பதற்காகச் சொன்னேன். எங்கள் உடற்கல்வி ஆசிரியர்களில் சிலர் சிறுவயதில் களரியில் நின்றவர்கள். அவர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு நிமிஷம் போதும்.

மழை நாளும் போட்டி நாளும்

மருந்து நல்லதாயிருந்தும் குடிக்காதவனுக்கு நோய் தீர்வதில்லை. ஸ்வீடன் ஆராய்ச்சியிலேயே, வாரத்துக்கு ஒரு முறையாவது தவறாமல் செய்த பெண்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, காயம் 83 சதவீதம் குறைந்திருந்தது. எந்த நாளும் எல்லோரும் செய்யும்படி நடத்துவது பயிற்சியாளர் கையில் இருக்கிறது. அங்கேதான் நம் ஊரில் வழுக்குகிறது.

இந்த ஜில்லாவில் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே பெய்கின்றன. மைதானம் சேறாகிவிட்டால் பயிற்சி நின்றுபோகிறது. மழை விட்டு நாலு நாளில் போட்டி அறிவிப்பு வருகிறது. பெண்கள் வகுப்பிலிருந்து நேரே களத்துக்கு ஓடுகிறார்கள். பள்ளி விட்டபின் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரவேண்டிய பிள்ளைகளுக்குக் கிடைப்பதே ஒரு மணி நேரம். அதில் கால்மணியைப் பந்தில்லாமல் கழிப்பதா என்று பயிற்சியாளருக்கும் தோன்றுகிறது, பிள்ளைகளுக்கும் தோன்றுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு போட்டியில், பெண்கள் அணிக்கு ஆயத்தமாக இடமே கொடுக்கவில்லை. பையன்களின் ஆட்டம் நீண்டுவிட்டதால், அது முடிந்த ஐந்தாம் நிமிஷத்தில் அவர்கள் களத்தில் நின்றார்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. பதினைந்து நிமிஷத்துக்காகப் போட்டியைத் தள்ளிவைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

மழைநாளில் மைதானம் வேண்டியதில்லை. ஆறு பயிற்சிகளில் ஐந்தைப் பள்ளி வராந்தாவிலேயே செய்யலாம். துள்ளி இறங்குவதையும், வழுக்காத தரையானால், அங்கேயே செய்யலாம். கோடையில் காய்ந்து இறுகிய தரையில் காலணி அதிகமாகப் பிடித்துக்கொள்வதால், பாதம் நிற்க முட்டு மட்டும் திரும்பும் ஆபத்து கூடுகிறது. அந்த நாட்களில் பயிற்சியை விட்டுவிடுவது இன்னும் தவறு. பந்தில்லாத கால்மணி வீண் என்று நினைக்கும் பயிற்சியாளருக்கு வேறொன்றும் சொல்லலாம்: சுத்தமாக இறங்கத் தெரிந்தவள் அடுத்த அடியை மற்றவளுக்கு முன்னே எடுக்கிறாள்.

படிக்கல்

அந்தத் தாய்க்கு வழியிலே நின்று இவ்வளவையும் சொல்ல முடியவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கே போயிருந்தேன். மூத்த பெண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து, தொடைத் தசைக்கு வலுவேற்றும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. இளையவள் ஏழாம் வகுப்பு. அவளும் அணியில் சேரவேண்டுமென்று நச்சரிக்கிறாள் என்றும், “இவள விடட்டுமா சாரே, வேண்டாமா?” என்றும் தாய் கேட்டாள். விடுங்கள் என்றேன்; முதலில் இறங்கக் கற்றுக்கொள்ளட்டும் என்றும் சொன்னேன்.

வாசலில் ஒரு சாணுக்குக் குறைவான உயரத்தில் ஒரு படிக்கல் இருந்தது. இளையவள் அதன்மேல் ஏறி நின்று, முற்றத்துச் சிமெண்டுத் தரையில் குதித்தாள். ‘தொம்’ என்றது. “சத்தம் கேக்கப்பிடாது. பூனை சாடுக மாதிரி” என்று கட்டிலில் கால் நீட்டியிருந்த அக்காள் உள்ளிருந்தபடியே சொன்னாள். மறுபடி ஏறினாள், குதித்தாள், இந்த முறை முட்டு மடங்கிற்று, ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று உரசின. “முட்டத் தொறந்து பிடி.” ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்த தாய், “என்னா, நிறுத்திட்டாளா?” என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்தாள். இளையவள் அப்போதுதான் இறங்கி, முட்டு மடங்கிய நிலையிலேயே அசையாமல் குந்தி நின்றுகொண்டிருந்தாள்.